பெயர் அவர்களுடையது, நட்டம் யாருடையது?

எங்கள் பெண்களுக்குக் கையெழுத்து ஒன்றும் புதிதல்ல. இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரண அட்டைக்குக் கையெழுத்து வைத்தோம். சுனாமிக்குப் பிறகு வீட்டுக்காகக் கையெழுத்து வைத்தோம். காணாமற்போன கணவருக்காகவும் பிள்ளைக்காகவும் எத்தனையோ முறைப்பாடுகளில் கையெழுத்து வைத்தோம். குழுக்கடன் வந்தபோது அடுத்த வீட்டுப் பெண்ணுக்காகவும் வைத்தோம். அனேகமாக எதையும் வாசித்துவிட்டு வைக்கவில்லை. "இந்த இடத்தில போடுங்க" என்று உத்தியோகத்தர் விரல் காட்டிய இடத்தில் போட்டோம். அன்றைய நிலையில் வேறு வழியும் இருக்கவில்லை.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. எமது பெண்கள் சிலர் கையில் சேமிப்போடு வியாபாரம் செய்யப் புறப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் வரும் பத்திரங்களும் வேறு வகையானவை. அப்படியொரு பத்திரத்தைப் பற்றியே இந்த மாதம் எழுத விரும்புகின்றேன்.

சாட்சிக்கு வந்த ராத்தா

நற்பிட்டிமுனையில் எங்கள் வீட்டுக்குச் சில வளவுகள் தள்ளி ஒரு ராத்தா இருக்கிறார். 2007 இல் வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போய் ஆறு வருடங்கள் வீட்டு வேலை செய்தார். திரும்பி வந்து இடியப்பமும் புட்டும் அவித்துக் கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். அவருடைய கைப்பக்குவம் எங்கள் பக்கத்தில் தெரிந்த விடயம்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு கையில் ஒரு கோப்புடன் வந்தார்.

"தங்கச்சி, இதில ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணும். படிச்ச புள்ள நீங்கதானே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 34 பக்கங்கள், அத்தனையும் ஆங்கிலம். பொரித்த கோழியும் கொத்தும் விற்கும், பல ஊர்களில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு கம்பனி, கல்முனைப் பிரதான வீதியில் ஒரு கடை திறக்க ஆள் தேடியிருக்கிறது. ராத்தாவின் சேமிப்பையும் சமையலையும் கேள்விப்பட்டு முகவர் ஒருவர் வந்து பேசியிருக்கிறார். நுழைவுக் கட்டணம் 10 இலட்சம் ரூபா. வைப்புப் பணம் 5 இலட்சம். மாதாமாதம் விற்பனையில் ஒரு வீதம் கம்பனிக்கு. பெயர்ப்பலகை, மசாலா, கோழி, பெட்டி எல்லாம் கம்பனி தரும். நாளை மறுநாள் கையெழுத்து.

நான் சமூகவியல் படித்தவள். ஆங்கிலப் பத்திரம் ஓரளவு வாசிப்பேன். ஆனால் அந்த 34 பக்கங்களில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காத பத்திரத்தில் சாட்சி வைக்க மனம் வரவில்லை. "ராத்தா, ரெண்டு நாள் தாங்க. சட்டத்தரணி ஒருத்தருக்கிட்ட காட்டிட்டுப் போடுவம்" என்றேன்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. "அவங்க கோவிச்சிப் போட்டு வேற ஆளுக்குக் குடுத்தா? மெய்தான், எனக்குப் பயமில்ல தங்கச்சி. ஊட்டை மகள்ட பேருக்கு எழுதிட்டன். கடைக்கு என்ன வந்தாலும் ஊட்டுக்கு ஒண்டும் வராது."

அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்வது வழக்கம். ராத்தாவுக்கு அவருடைய உம்மா கொடுத்த வீடு அது. சென்ற வருடம் பிரசித்த நொத்தாரிசிடம் போய் 19 வயது மகளுக்கு நன்கொடை உறுதி எழுதியிருந்தார். அவர்களிடம் இருக்கும் ஒரே ஆதனம் அதுதான்.

ஒரு பெயருக்குக் கீழே பல கடைகள்

இப்படியான வியாபார முறைக்குப் பிரான்சைஸ் என்று பெயர். கடையின் பெயரும் சமையல் முறையும் ஒருவருக்குச் சொந்தம். அந்தப் பெயரில் சொந்தப் பணத்தைப் போட்டுக் கடை நடத்துபவர் இன்னொருவர். முதலாமவரைப் பெயர்க்காரர் என்றும் இரண்டாமவரைக் கடைக்காரர் என்றும் இங்கே சொல்கிறேன்.

ஒரு பெயருக்குக் கீழே பலர் சமைத்து விற்பது எங்களுக்குத் தெரியாததல்ல. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்கள் பலர் தோசையும் கூழும் பிட்டும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகின்றனர். மத்திய விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் நிலையங்களும் பெண்களுக்காக ஏற்பட்டவைதான். அவை அரச ஏற்பாடுகள். தனியார் பிரான்சைஸ் அப்படியல்ல. பெயர்க்காரருக்கும் கடைக்காரருக்கும் இடையில் நிற்பது ஒரு பத்திரம் மாத்திரமே.

அந்தப் பத்திரம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. 2024 மார்ச் மாதத்தில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் இலங்கையிலிருந்த தனது உள்ளூர்ப் பங்காளியுடனான உடன்படிக்கையை முடித்துக்கொண்டது. நாட்டிலிருந்த 12 கடைகளும் ஒரேயடியாக மூடப்பட்டன. விவகாரம் கொழும்பில் நீதிமன்றம் வரை போனது. பின்னர் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. பெரிய முதலாளிகளிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், தாங்கும் பணமும் இருக்கிறது. இடியப்பம் அவித்துச் சேர்த்த பணத்தோடு நிற்பவருக்கு அந்தத் தாங்குசக்தி ஏது?

19 ஆம் பந்தி

எங்கள் மாதர் சங்கத்துக்கு ஆலோசனை தரும் சட்டத்தரணி ஒருவர் கல்முனை நீதிமன்றத்துக்கு அருகில் இருக்கிறார். மறுநாள் மூவரும் அங்கே இருந்தோம். அவர் பக்கங்களைப் புரட்டி 19 ஆம் பந்தியில் நின்றார். அதைத் தமிழில் சொன்னார்.

"கடையை நடத்துவதால் அல்லது அதனோடு தொடர்புபட்டு எழும் எந்தவொரு கோரிக்கை, வழக்கு, தண்டம், நட்டம், சட்டத்தரணிக் கட்டணம் ஆகியவற்றிலிருந்தும் கம்பனியையும் அதன் பணிப்பாளர்களையும் ஊழியர்களையும் கடைக்காரர் காப்பார். உடன்படிக்கை முடிந்த பின்னரும் இப்பொறுப்பு தொடரும்."

இதுதான் நட்டஈட்டுப் பொறுப்பு. இன்னொருவருக்கு வரும் நட்டத்தை நான் கட்டுவேன் என்று முன்கூட்டியே கொடுக்கும் வாக்குறுதி.

"சாமான் பழுதாப் போய் ஆருக்கும் வருத்தம் வந்தா நாமதானே பொறுப்பு. அது சரிதானே?" என்று ராத்தா கேட்டார்.

"நீங்கள் பழுதாக்கினால் சரி" என்றார் சட்டத்தரணி. "கம்பனி அனுப்பிய கோழியே பழுதாக இருந்தால்?"

ராத்தா பேசாமல் இருந்தார்.

சட்டத்தரணி விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு குடும்பம் கடையில் சாப்பிட்டு நோயாகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் வழக்குப் போடும்போது பெயர்ப்பலகையில் உள்ள கம்பனியையும் சேர்த்துத்தான் போடுவார்கள். கம்பனி கொழும்பில் பெரிய சட்டத்தரணியை வைத்து வழக்காடும். முடிவில் கட்டவேண்டிய நட்டஈடு, சட்டத்தரணிக்குக் கொடுத்த கட்டணம் எல்லாவற்றையும் 19 ஆம் பந்தியைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்கும். கோழி எங்கிருந்து வந்தது, எந்தக் குளிர்சாதன லொறியில் வந்தது என்று அந்தப் பந்தி கேட்கவில்லை. "எந்தவொரு" என்ற சொல் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. வழக்கு வென்றாலும் சட்டத்தரணிக் கட்டணம் கடைக்காரர் தலையில்தான்.

கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கு எண்ணெய் ஊற்றுண்டால் அதுவும் இப்படித்தான். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கொடுக்கவேண்டியவர் வேலை கொடுத்தவர். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டவேண்டியவரும் அவரே. கடைக்காரர் இவற்றைக் கட்டாமல் விட்டு, யாராவது கம்பனியை இழுத்தால், அந்தச் செலவும் 19 ஆம் பந்திக்குள் வந்துவிடும்.

யாருடைய பிழை என்பது இலகுவான கேள்வியல்ல

1993 இல் அமெரிக்காவில் ஜாக் இன் த பொக்ஸ் என்ற உணவகக் கடைகளில் சாப்பிட்ட 700 க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். ஈ கோலை என்ற கிருமி அரைத்த மாட்டிறைச்சியில் இருந்தது. இறைச்சி கடைக்கு வரும்போதே கிருமியோடு வந்தது. ஆனால் அது கடையில் போதிய சூட்டில் வேகவும் இல்லை. வெந்திருந்தால் கிருமி செத்திருக்கும். இறைச்சி கொடுத்தவர் பிழையா, சமைத்தவர் பிழையா? நட்டத்தை யார் தாங்குவது என்ற வழக்குகள் பல வருடங்கள் இழுபட்டன.

உணவு வியாபாரத்தில் பிழை இப்படித்தான் வரும். பாதி அங்கே, பாதி இங்கே. அதனால்தான் நியாயமான உடன்படிக்கையில் "அவரவர் பிழைக்கு அவரவர்" என்று இருக்கும். பெயர்க்காரர் கொடுத்த பொருளால், அவர் வகுத்த முறையால் வரும் நட்டத்தை அவர் தாங்கவேண்டும். கடைக்காரரின் கவனக்குறைவால் வருவதைக் கடைக்காரர் தாங்கவேண்டும். ராத்தாவின் பத்திரத்தில் வாக்குறுதி ஒரு பக்கமிருந்து மட்டுமே இருந்தது.

மகளின் கையெழுத்து

சட்டத்தரணி கடைசிப் பக்கத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினார். அங்கே மூன்று கோடுகள் இருந்தன. ஒன்று ராத்தாவுக்கு. ஒன்று சாட்சியாகிய எனக்கு. நடுவில் இருந்த கோடு பிணையாளிக்கு. அதன் கீழே மகளின் பெயர் ஏற்கனவே தட்டச்சில் இருந்தது.

"புள்ளையும் ஒரு கையெழுத்துப் போடட்டும் எண்டுதான் சொன்னாங்க" என்றார் ராத்தா.

மூன்றையும் நாங்கள் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். அவை வேறு வேறு.

சாட்சி என்பவர் கையெழுத்து வைக்கப்பட்டதைக் கண்டவர். பணம் கட்டும் பொறுப்பு அவருக்கில்லை.

பிணையாளி என்பவர் மற்றவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்பவர். எங்கள் நாட்டில் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டப்படி, "முதலில் கடனாளியின் சொத்தைப் பாருங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று சொல்லும் உரிமை பிணையாளிக்கு உண்டு. ஆனால் அச்சடித்த பத்திரங்களில் அந்த உரிமையைக் கைவிடுகிறேன் என்று ஒரு வரி அனேகமாக இருக்கும். மகளின் பத்திரத்திலும் இருந்தது.

நட்டஈட்டுப் பொறுப்பை ஏற்றவர் இன்னொருவர் கட்டத் தவறும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. நேரே அவரிடம்தான் கேட்பார்கள்.

ஆக, 19 ஆம் பந்தியில் தாய் ஏற்ற எல்லையில்லாப் பொறுப்புக்கு மகள் பிணை. மகளின் பெயரில் வீடு. நன்கொடை உறுதியின் பிரதி ஒன்றையும் கம்பனி வாங்கி வைத்திருந்தது. "மூல உறுதி எங்களிட்டத்தானே இருக்கு" என்றார் ராத்தா. உறுதியை ஈடு வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பொன்று பிணையாளிக்கு எதிராக வந்து பணம் கட்டப்படாவிட்டால், பிஸ்கால் மூலம் ஆதனத்தைக் கைப்பற்றி விற்க முடியும். அதற்கு மூல உறுதி யார் பெட்டியில் இருந்தாலும் ஒன்றுதான்.

வீட்டைக் காப்பாற்றவென்று மகளுக்கு எழுதினார். அந்த மகளையே பிணைக்குக் கேட்டிருக்கிறார்கள். ராத்தா அன்றைக்குத் தேநீரும் குடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

குழுக்கடனில் சிக்கிய சகோதரிகளுக்கு இது நன்றாக விளங்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்டவேண்டும் என்ற நிபந்தனையால் எத்தனை குடும்பங்கள் அயலில் முகம் பாராமல் போயின! 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே கொண்டுவர வேண்டியதாயிற்று. வியாபார உடன்படிக்கையில் மாட்டியவருக்கு அப்படி ஒரு தள்ளுபடியை யாரும் கொண்டுவரப்போவதில்லை.

சட்டம் எந்தளவுக்குத் துணை?

இலங்கையில் பிரான்சைஸ் உடன்படிக்கைகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமே பொருந்தும். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் என்று ஒன்று உண்டு. ஆனால் நட்டஈட்டு வாசகங்களுக்கு எதிராக அது தரும் பாதுகாப்பு நுகர்வோருக்கானது. கடை நடத்தக் கையெழுத்திடுபவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்ல, வியாபாரி. குவைத்திலிருந்து வந்து முதன்முதலாகக் கடை திறப்பவரும் வியாபாரிதான்.

வேறு நாடுகளில் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கையெழுத்துக்கும் பணம் கட்டுவதற்கும் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் முழு விபரங்களையும் எழுத்தில் கொடுக்கவேண்டும். மலேசியாவின் 1998 ஆம் ஆண்டுப் பிரான்சைஸ் சட்டப்படி கையெழுத்திட்ட பின்னரும் குறைந்தது 7 வேலை நாட்களுக்குள் மனம் மாறி விலகலாம். எங்களுக்கு அந்த நாட்களைச் சட்டம் தரவில்லை. ஆனால் நாமாக எடுத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. "நாளை மறுநாள் கையெழுத்து" என்று அவசரப்படுத்துபவரிடம் "14 நாள் தாங்க" என்று சொல்வதற்குப் பயப்படத் தேவையில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறவர் நாளை நட்டம் வந்தால் எப்படி நடப்பார் என்பதை அதிலேயே அறிந்துகொள்ளலாம்.

கேட்டதும் கிடைத்ததும்

நான்கு நாட்கள் கழித்து ராத்தா மீண்டும் வந்தார். "கடை வேணும். ஆனா புள்ளைட கையெழுத்து இல்லாம வேணும்" என்றார். அவர் தீர்மானித்ததும் சட்டத்தரணி ஒரு கடிதம் எழுதினார். ஐந்து விடயங்கள் கேட்கப்பட்டன. மகளின் பிணை நீங்கவேண்டும். கம்பனி தரும் பொருளாலும் கம்பனியின் கவனக்குறைவாலும் வரும் நட்டத்துக்குக் கம்பனியே பொறுப்பேற்கவேண்டும். பொறுப்புக்கு ஒரு தொகை எல்லை வேண்டும். வழக்கில் வென்றால் சட்டத்தரணிக் கட்டணம் கேட்கக்கூடாது. உடன்படிக்கை முடிந்து ஒரு வருடத்தோடு பொறுப்பும் முடியவேண்டும்.

மூன்று வாரங்கள் பதில் இல்லை. ராத்தாவுக்கு நித்திரையில்லை. எனக்கும்தான். நல்லதொரு வாய்ப்பை நான் கெடுத்துவிட்டேனோ என்ற எண்ணம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

பதில் வந்தது. மகளின் பிணையை நீக்கினார்கள். அதற்குப் பதிலாக வைப்புப் பணத்தை 2 இலட்சத்தால் கூட்டினார்கள். கம்பனிப் பொருளால் வரும் நட்டம் கம்பனிக்கே என்று எழுதினார்கள். ஒரு வருடத்தை இரண்டு வருடமாக்கி ஒத்துக்கொண்டார்கள். தொகை எல்லைக்கு மறுத்தார்கள். ஆனால் ராத்தா பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஒன்று எடுத்தால், முதலில் காப்புறுதிப் பணத்திலிருந்தே கேட்போம் என்றார்கள். சட்டத்தரணிக் கட்டணத்தில் ஓரெழுத்தும் மாற்றவில்லை.

ராத்தா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். மகளின் பெயர் இருந்த கோடு புதிய பத்திரத்தில் இல்லை.

மாறாத அந்த வாசகத்தின் ஆபத்து இன்றும் இருக்கிறது. அதை ராத்தா அறிவார். அதனால் கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறார். கோழி வந்த நேரம், லொறி இலக்கம், பெட்டியைத் திறந்தபோது இருந்த நிலை எல்லாவற்றையும் மகள் ஒரு கொப்பியில் எழுதி, பில்லையும் ஒட்டி அதற்குள் போடுகிறாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போன திகதிகளும் அதில் உண்டு. நாளை ஒரு பிரச்சினை வந்தால் பிழை எங்கே நடந்தது என்று காட்ட அந்த டின்தான் சாட்சி. இருமுறை பழுதான கோழியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், எழுத்தில்.

கையெழுத்துக்கு முன் கேட்போம்

சகோதரிகளே, பிரான்சைஸ் கடையோ, பொருள் விநியோகமோ, சமையல் ஒப்பந்தமோ, எதுவாயினும் இவற்றைக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

1. யாருடைய நட்டத்தை யார் கட்டுவது? வாக்குறுதி இரு பக்கமும் உண்டா?
2. மற்றவரின் பிழையால் வரும் நட்டமும் என் தலையிலா?
3. ஆகக் கூடியது எவ்வளவு? தொகை எல்லை எழுதப்பட்டிருக்கிறதா?
4. உடன்படிக்கை முடிந்த பிறகு எத்தனை வருடம் தொடரும்?
5. பிணைக் கையெழுத்து யாருடையது? அவர் பெயரில் என்ன ஆதனம் உண்டு?
6. இந்தப் பொறுப்புக்குக் காப்புறுதி எடுக்கலாமா?
7. தமிழில் எழுதிய பிரதி தருவீர்களா?

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். குறைந்த வருமானமுடையோருக்காகவே அது ஏற்பட்டது. பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். முக்கியமாக, கையெழுத்து வைப்பதற்கு முன்னர் போங்கள்.

சென்ற வாரம் ராத்தாவின் கடைக்குப் போயிருந்தேன். தையல் வேலை செய்யும் ஒரு தமிழ்ச் சகோதரி ஏதோ ஒரு பத்திரத்தோடு வந்து அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ராத்தா கையைத் துடைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இதில மூணு கோடு இரிக்கி பாருங்க. இந்த நடுக் கோடு ஆருக்கு எண்டு கேட்டயளா?" என்றார்.